உணவு என்ற பெட்டியில் தங்கிப்போனது

ஸ்டிக்கர் ஒட்டும்போது அவர் கைகளைப் பார்க்க வேண்டும். இடது கை தட்டின் மூடியைத் துடைக்கும். வலது கையின் கட்டைவிரல் நகம் ஸ்டிக்கரின் மூலையைக் கிளப்பும். ஒட்டியதும் உள்ளங்கை ஒரு தடவு தடவும். அதற்குள் இடது கை அடுத்த மூடிக்குப் போயிருக்கும். தள்ளுவண்டியில் தட்டுகள் ஏறி முடிவதற்குள் இரண்டு பேரைத் திட்டி, ஒருவருக்கு வழி சொல்லி, அடுப்பில் சூப் பொங்குவதையும் கவனித்துவிடுவார். இத்தனையும் கைவந்த மனிதருக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார்.

ஆபரேஷன் முடிந்தவர்கள், விழுந்து எலும்பு முறிந்தவர்கள், வீட்டில் வைத்துப் பார்க்க ஆளில்லாதவர்கள் எல்லோரும் சில வாரமோ சில மாதமோ தங்கித் தேறும் இல்லம் அது. நான் அங்கே உதவியாளர்களுக்குப் பயிற்சி தருபவள். படுத்திருப்பவரைப் புரட்டுவது எப்படி, ஊட்டும்போது கரண்டியை எங்கே வைப்பது, அடுத்தவர் வாயைத் துடைக்கும்போது முகத்தைச் சுளிக்காமல் இருப்பது எப்படி என்பதெல்லாம் என் பாடம். கடைசிப் பாடத்தில்தான் நிறையப் பேர் தோற்பார்கள்.

அவர் சமையலறையில் தட்டுப் பொறுப்பாளர். மீசை கறுப்பாக இருந்த காலத்தில் பாத்திரம் கழுவ வந்தவர். கழுவும் தொட்டியிலிருந்து அடுப்புக்கும், அடுப்பிலிருந்து தட்டு மேசைக்கும் மெல்ல நகர்ந்தார். இந்த நகர்வுக்கு இல்லம் பதவி உயர்வு என்று பெயர் வைத்தது. அவர் மாமியார் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மகளை இந்த மனிதருக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து, "உங்கள் மருமகன் என்ன வேலை பார்க்கிறார்" என்று யார் கேட்டாலும், தட்டு தூக்குகிறார் என்று பதில் சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார். பொய்யும் இல்லை, மரியாதையும் இல்லை.

முன்பு அவருக்குக் கிறுக்கல் என்று பெயர். எந்தத் தட்டு எந்தப் படுக்கைக்கு, யாருக்கு உப்பு ஆகாது, யாருக்குச் சர்க்கரை ஆகாது, யாருக்கு மசித்துக் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் சீட்டில் அவர்தான் எழுதுவார். அந்த எழுத்தைப் படிக்க முடியாது. கோழி மையில் காலை நனைத்துக்கொண்டு ஓடினால்கூட இதைவிட ஒரு வரிசை இருக்கும். அதனால் ஒவ்வொரு வேளையும் வார்டிலிருந்து யாராவது இறங்கி வந்து, இது உப்பா, பருப்பா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவருக்கு அது பெரிய அவமானம்.

ஆகவே, எல்லாப் பிரிவுகளும் கம்ப்யூட்டருக்கு மாற வேண்டும் என்று நிர்வாகி கூட்டம் போட்டபோது, மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள், இவர் கையைத் தூக்கினார். பைத்தான் என்று ஒரு கம்ப்யூட்டர் மொழி இருக்கிறதாம், ஆரம்பப் பாடம் வீடியோவிலேயே கிடைக்கிறதாம். வீட்டில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு படித்தார். மனைவி மூன்று முறை கூப்பிட்டால் ஒரு முறை திரும்புவார். அதற்கு முன்பும் அவர் முதல் முறையிலேயே திரும்பியவரில்லை.

அந்த மொழியில் முதல் பாடமே பிரிண்ட் என்ற கட்டளைதான். அடைப்புக்குறிக்குள் எதைக் கொடுக்கிறோமோ அதைத் திரையில் காட்டும். திரையில் மட்டும்தான். நம்மவர் அந்த வரியைக் கேட்காமல் தாண்டிவிட்டார் போலிருக்கிறது. இல்லத்துக் கம்ப்யூட்டரில் வணக்கம் என்று எழுதி, கட்டளையை ஓடவிட்டு, எழுந்துபோய் அலுவலக மூலையில் இருக்கும் பிரிண்டர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றார். பேப்பர் தீர்ந்துவிட்டதோ என்று பிரிண்டரின் பேப்பர் தட்டைத் திறந்து மூடினார். கணக்குப் பார்க்கும் பெண் சிரிப்பை அடக்க வாயில் துப்பட்டாவை வைத்திருந்தாள்.

அன்றிலிருந்து அவர் பெயர் பிரிண்ட் ஆயிற்று. கிறுக்கலுக்கு இது எவ்வளவோ மேல் என்று அவரும் ஏற்றுக்கொண்டார்.

இரண்டாவது பாடம் மாறிகள். மாறி என்பது ஒரு பெட்டி மாதிரி. அதற்கு நாமே ஒரு பெயர் வைக்கலாம், உள்ளே ஒரு மதிப்பைப் போடலாம், வேண்டும்போது எடுத்துக் காட்டச் சொல்லலாம். பிரிண்ட் மூன்று பெட்டிகள் செய்தார்: பெயர், படுக்கை, உணவு. முதல் நாள் பெட்டியின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டார். மேற்கோளுக்குள் இருப்பதை இயந்திரம் அப்படியே காட்டும், பெட்டியைத் திறந்து பார்க்காது. அன்று மதியம் எலும்பு வார்டில் எல்லாத் தட்டிலும் "பெயர், படுக்கை, உணவு" என்று அழகாக அச்சடித்த ஸ்டிக்கர் இருந்தது. தட்டில் உணவு இருக்கிறது என்ற செய்தியை எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள்.

இதெல்லாம் சீக்கிரம் சரியாகிவிட்டது. ஒவ்வொரு படுக்கைக்கும் நான்கைந்து வரிகள்: பெயர் பெட்டியில் இன்னார், படுக்கைப் பெட்டியில் இன்ன எண், உணவுப் பெட்டியில் இன்ன சாப்பாடு, பிறகு மூன்றையும் பிரிண்ட். அதற்குக் கீழே அடுத்த படுக்கைக்கு அதே மாதிரி வரிகள், அதே மூன்று பெட்டிகளில் புதிய சங்கதிகள். இப்படி வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. திரையில் வருவதை எடுத்து ஸ்டிக்கர் தாளில் போட்டு அச்சடிப்பார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. இல்லத்தைப் பார்க்க வந்தவர்களையெல்லாம் நிர்வாகி சமையலறைக்குக் கூட்டி வந்து காட்டினார். பாடம் முடித்த சான்றிதழ் சட்டம் போட்டு, உப்பு ஜாடி இருக்கும் அலமாரிக்கு மேலே ஏறியது. வார்டிலிருந்து கேள்வி கேட்க இறங்கி வருவதும் நின்றுபோயிற்று. அச்சில் வந்ததை யார் கேள்வி கேட்பார்கள்? நானும் கேட்கவில்லை.

இந்தப் புகழின் உச்சியில்தான் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பில் ஆபரேஷன். தையல் பிரித்ததும் நடக்கப் பழகுவதற்காக எங்கள் இல்லத்துக்கே கொண்டு வந்தார்கள். வேறு இடம் பாருங்கள் என்று மாமியார் சொன்னார். மகள் கேட்கவில்லை. இங்கே இருந்தால் இவர் பார்த்துக்கொள்வார் என்றாள். மாமியாரின் பயமே அதுதான்.

எலும்பு வார்டில் ஒரு பாட்டு டீச்சரின் படுக்கைக்கு அடுத்த படுக்கை மாமியாருக்குக் கிடைத்தது. பாட்டு டீச்சர் பக்கவாதம் வந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டவர். விழுங்குவது கஷ்டம், ரத்தக் கொதிப்பும் உண்டு. ஆகவே அவருக்கு மசித்தது, உப்பில்லாதது.

மாமியாரைச் சேர்த்துக்கொண்ட டாக்டர், உணவு என்ற இடத்தில் "பார்த்துச் சொல்கிறேன்" என்று எழுதினார். மறுநாள் விடுப்பில் போய்விட்டார், பார்க்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. பிரிண்ட் பாட்டு டீச்சரின் வரிகளுக்குக் கீழே மாமியாருக்கான வரிகளை எழுதினார். பெயர் போட்டார், படுக்கை போட்டார். உணவு தெரியவில்லை, அந்த வரியைப் பிறகு எழுதலாம் என்று விட்டார். எழுதாவிட்டால் ஸ்டிக்கரில் அந்த இடம் காலியாக வரும், காலியாக இருந்தால் யாராவது கேட்பார்கள் என்று கணக்கு. காகிதத்தில் வாழ்ந்த மனிதரின் கணக்கு. அந்த நேரம் பார்த்து அடுப்பில் ஏதோ தீய்ந்தது, ஓடினார். திரும்பி வந்து பொத்தானை அமுக்கினார். ஸ்டிக்கர்கள் வந்தன. எந்த இடமும் காலியில்லை. ஒட்டினார்.

மாமியாரின் தட்டில் "மசித்தது, உப்பில்லாதது" என்று இருந்தது. தட்டுக்குள்ளும் அதுவே இருந்தது.

அந்த அம்மாளுக்கு ஒரு பல்கூடப் போகவில்லை. அதைச் சொல்லிக் காட்டுவதில் அவருக்கு வஞ்சனையும் இல்லை. மூடியைத் திறந்து, பச்சையும் மஞ்சளுமாகக் குழைந்து கிடந்ததைப் பார்த்தார். மூடினார். தள்ளி வைத்தார். எனக்கு நன்றாக மெல்ல வரும், உப்பும் வேண்டும், இது என் மருமகன் பழி வாங்குகிற வேலை என்று நர்ஸிடம் தெளிவாகச் சொன்னார். நர்ஸ் அதைக் குறிப்பில் எழுதினாள்: "உணவை மறுக்கிறார். குழப்பம் உள்ளது. மருமகன் மீது சந்தேகம்." வயதானவர் வாயிலிருந்து உண்மை வந்தால் அதற்குக் குழப்பம் என்று பெயர். என் பாடத்தில் இது இல்லை, ஆனால் எல்லோரும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள்.

மாற்று டாக்டர் வந்தாள். சின்ன வயது, நல்ல பெண், நிற்க நேரமில்லாதவள். ஸ்டிக்கரைப் பார்த்தாள், விழுங்குவதில் சிக்கல் போலிருக்கிறது, பழைய டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்து, இப்போதைய உணவையே தொடரவும் என்று எழுதினாள். விழுங்கும் பயிற்சி கொடுப்பவர் டாக்டர் எழுதியதைப் பார்த்துத் தலையாட்டினார். எல்லோரும் ஸ்டிக்கரை நம்பினார்கள், ஸ்டிக்கர் யாரை நம்பியது என்று யாரும் பார்க்கவில்லை. வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவர மகள் அனுமதி கேட்டாள். மசித்த உணவுக்காரர்களுக்கு வெளிச்சாப்பாடு கூடாது, புரையேறிவிடும் என்று சட்டத்தைக் காட்டினார்கள்.

மாமியார் தண்ணீரும் டீயும் குடித்துக்கொண்டு வைராக்கியமாகப் படுத்திருந்தார். எடை இறங்கியது. கம்பியைப் பிடித்து நிற்க வைத்தால் கால் நடுங்கியது. நடைப் பயிற்சி நின்றது. இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் உணவு செலுத்த வேண்டும், நாளை காலையில் போட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாள். கட்டிலருகே மேசையில் குழாய் பாக்கெட் வந்து உட்கார்ந்தது.

மகள் சமையலறை வாசலுக்கே வந்துவிட்டாள்.

"என்னங்க, அம்மா உங்களை ஆயிரம் சொல்லியிருக்கலாம். அதுக்காக?"

"நான் என்னடி பண்ணேன்? டாக்டர் சொன்னதைத்தானே கொடுக்கறேன்."

"அவங்க மூக்குல டியூப் ஏறிச்சுன்னா, நான் எங்கம்மா வீட்டுல போய் இருந்துக்கறேன். நீங்களும் உங்க பிரிண்ட்டும் நல்லா இருங்க."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குப் பழக்கப்பட்ட விஷயமாகப் போயிருக்கும். அன்று மதியம் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு மேலே போனார்.

போனபோது மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பாட்டு டீச்சரைப் பார்க்க வந்த யாரோ ஒரு பொட்டலம் ரஸ்க் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், பாட்டு டீச்சரால் அதைப் பார்க்கத்தான் முடியும். மாமியாரின் தாடை அசைந்துகொண்டிருந்தது. மொறுமொறுவென்ற சத்தம் வாசல் வரை கேட்டது. மென்றார், விழுங்கினார், இருமலில்லை, புரையில்லை, அடுத்ததைக் கடித்தார். அப்போதுதான் மருமகனைப் பார்த்தார். திருட்டில் பிடிபட்டவரின் கூச்சமெல்லாம் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது.

"என்ன பாக்கறீங்க மாப்பிள்ளை? இதையும் அரைச்சுக் கொண்டு வரப்போறீங்களா?"

பிரிண்ட் தட்டை வைத்துவிட்டு இறங்கினார்.

வகுப்புக்கு ஒரு கிண்ணமும் கரண்டியும் எடுக்க நான் சமையலறைக்குப் போயிருந்தேன். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நர்ஸைக் கேட்டாராம், டாக்டர் என்றாளாம். டாக்டரைக் கேட்டாராம், பழைய டாக்டர் என்றாளாம். பழைய டாக்டரின் தாளில் பார்த்துச் சொல்கிறேன் என்றுதான் இருக்கிறதாம். அப்படியானால் மசித்தது என்று யார் எழுதியது?

"நான் எழுதலைக்கா. இங்க பாருங்க, அத்தையோட வரியில சாப்பாடே இல்லை. எழுதாத வார்த்தை எப்படி வரும்?"

எனக்கு அந்த மொழி தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டு நின்றேன். அந்த இடத்தில் அதுதான் ஆகக்கூடிய உதவி.

அவர் அப்போது செய்ததை நான் மெச்சுகிறேன், ஏனென்றால் படித்தவர்கள்கூட உடனே செய்யாத காரியம். ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு பிரிண்ட் போட்டார். இந்த இடத்தில் உணவுப் பெட்டியில் என்ன இருக்கிறது, இதற்கு அடுத்த இடத்தில் என்ன இருக்கிறது என்று காட்டச் சொன்னார். ஓடவிட்டார். திரையில் வரிசையாக வந்தது. பாட்டு டீச்சரின் வரிகள் முடிந்த இடத்தில் "மசித்தது, உப்பில்லாதது". மாமியாரின் பெயர் போட்ட பிறகும் "மசித்தது, உப்பில்லாதது". படுக்கை எண் போட்ட பிறகும் அதுவே. அதற்கு அடுத்த படுக்கையில்தான் "ரொட்டி, முட்டை" என்று மாறியது, அங்கே புதிதாகப் போட்டிருந்ததால்.

புதிதாக எதையும் போடாவிட்டால் பெட்டி காலியாகாது. பழையது அப்படியே கிடக்கும். இயந்திரம் யாரையும் கேட்காமல் அதை எடுத்து அடுத்தவர் பெயருக்குக் கீழே காட்டிவிடும். என் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தேன். ஒருவர் சாப்பிட்ட கிண்ணத்தைக் கொட்டிக் கழுவாமல் அடுத்தவர் முன்னால் வைக்கும் உதவியாளரை நான் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். இந்த உதவியாளருக்குச் சட்டம் போட்ட சான்றிதழ் வேறு.

இதை அவரிடமும் சொன்னேன். அவர் சான்றிதழைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து மேலே போனார், நானும் பின்னால் போனேன்.

டாக்டர், நிர்வாகி, மனைவி மூன்று பேரும் மாமியாரின் கட்டிலருகே இருந்தார்கள். பிரிண்ட் நடந்ததைச் சொன்னார். பெட்டி, வரி என்று அவர் விளக்க விளக்க, டாக்டரின் முகத்தில் புரிந்தது பாதி, அவமானம் பாதி. நிர்வாகிக்கு முழுவதும் புரிந்துவிட்டது. பார்வையாளர்களைக் கூட்டி வந்து காட்டியவர் அவர்.

"சிஸ்டம் பிராப்ளம்னு எழுதிக்கலாம்," என்றார். "யார் மேலயும் தப்பு இல்லை."

எவ்வளவு சௌகரியமான வாசல், திறந்தே இருந்தது. உள்ளே போயிருந்தால் பிரிண்டின் புகழும் பிழைத்திருக்கும், நிர்வாகியின் புகழும் பிழைத்திருக்கும். பிரிண்ட் தன் மனைவியைப் பார்த்தார்.

"சிஸ்டம் சொன்னதைத்தான் சார் செஞ்சது. சாப்பாட்டு வரியை நான்தான் போடலை."

நிர்வாகி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஏதோ கூட்டம் இருப்பதாக நினைவுக்கு வந்து வெளியேறினார். டாக்டர் அங்கேயே நின்று, மாமியாருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்துக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். எந்தச் சிக்கலும் இல்லை. ஆனாலும் இத்தனை நாள் வயிறு காய்ந்தவர், உடம்பில் தெம்பில்லை. காலையில் சாதாரண சாப்பாடு கொடுத்துப் பார்க்கலாம், சாப்பிட்டால் குழாய் வேண்டாம், சாப்பிடாவிட்டால் போடத்தான் வேண்டும் என்றாள். இந்தப் பேச்சு முழுவதும் மாமியார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறப்பதா வேண்டாமா என்பது இனி அவர் கையில் இருந்தது. அதை அவர் அவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிடுகிற மனுஷியும் இல்லை.

மறுநாள் காலையில் பிரிண்ட் தட்டைத் தானே கொண்டுபோனார். ரொட்டி, வெண்ணெய், வேகவைத்த முட்டை, ஒரு சிட்டிகை உப்பும் மிளகும் தனியாக. குழாய் பாக்கெட் மேசையில் இருந்தது. மனைவி கால்மாட்டில் நின்றிருந்தாள். மாமியார் சுவரைப் பார்த்திருந்தார்.

பிரிண்ட் மறுபடியும் பெட்டிக் கதையை ஆரம்பித்தார். பாட்டு டீச்சரின் பெட்டியில் இருந்தது எப்படி அத்தையின் பெயருக்குக் கீழே வந்தது, இயந்திரம் எப்படிப் பழையதை மறக்காது என்று. மாமியார் திரும்பினார்.

"மறந்துட்டேன்னு சொல்லுங்க மாப்பிள்ளை. மெஷினுக்கு ஞாபகம் இருக்குங்கறதை என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

பிரிண்ட் தட்டைக் குழாய் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மறந்துட்டேன் அத்தை."

"வேணும்னு பண்ணலையே?"

"வேணும்னு பண்ணியிருந்தா உப்பை அள்ளிப் போட்டிருப்பேன்."

மனைவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மாமியாரின் உதட்டோரம் ஒரு முறை இழுத்தது, அது சிரிப்பு என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். முதுகுக்குத் தலையணை வைக்கச் சொன்னார். நான் வைத்தேன். ரொட்டியைக் கிள்ளினார், முட்டையை உப்பில் தொட்டார், மென்றார், விழுங்கினார். ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தட்டைக் காலி பண்ணிவிட்டு, முட்டை சரியாக வேகவில்லை என்றார்.

டாக்டர் வந்து தாளில் ஒரு வரியை அடித்துவிட்டு ஒரு வரி எழுதினாள். நர்ஸ் குழாய் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்தாள்.

பிரிண்ட் கீழே போனார். ஒவ்வொரு படுக்கையின் வரிகளுக்கும் தலையில், உணவுப் பெட்டியில் "நர்ஸைக் கேட்கவும்" என்று போட்டார். சரியான உணவை எழுதினால் அது இதன் மேல் ஏறிக்கொள்ளும், எழுத மறந்தால் இதுவே ஸ்டிக்கரில் வந்து நிற்கும். யாரும் இல்லாத ஒரு படுக்கையை வைத்து ஓடவிட்டுப் பார்த்தார், வந்தது. அதற்குப் பிறகு மாமியாரின் இடத்துக்குப் போய், விட்டுப்போன வரியை எழுதினார்: எல்லாம் சாப்பிடுவார், முட்டை நன்றாக வேகவேண்டும்.